ஆலை வளாகத்தில் மீன், பறவை, விலங்குக் கணக்கெடுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

ஓடைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு ரசாயன ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை செய்கிறேன். வளாகத்துக்குள் பெரிய குளிர்விப்புக் குளம் ஒன்று, மழைநீர் சேரும் இரண்டு குட்டைகள், வேலிக்கு உள்ளே புதர்க்காடு, வளாகத்தைக் கடந்து ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடை எல்லாம் இருக்கின்றன. இங்கே வாழும் மீன்களையும் மற்ற உயிரினங்களையும் தொடர்ந்து கண்காணிக்க ஒரு திட்டம் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கையில் இருப்பது பழைய இனப் பட்டியல் ஒன்றுதான். எந்த மாதத்தில் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள், என்ன வலை போட்டார்கள் என்று அதில் எதுவும் இல்லை.

மேலே இருப்பவர்கள் கேட்பது ஒரே ஒரு எண்: மீன் கூடியதா, குறைந்ததா? நான் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. எங்கள் ஆலையால் இந்த உயிர்களுக்குப் பாதிப்பு வருகிறதா, வந்தால் காலம் கடப்பதற்குள் அது கண்ணில் படுமா? களத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்க்காகம்

நீங்கள் கடைசியில் கேட்டிருக்கும் கேள்வியையே திட்டத்தின் முதல் வரியாக எழுதி வையுங்கள். பெரும்பாலான திட்டங்கள் "எந்த வலை வாங்கலாம்" என்பதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன.

வெறும் எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பெல்யூஸ் ஏரியைப் பாருங்கள். நிலக்கரி மின்நிலையத்தைக் குளிர்விப்பதற்காக உருவாக்கிய ஏரி அது. 1970களின் நடுவிலிருந்து சாம்பல் குளத்தின் நீர் அதில் கலந்தது. அதோடு, நிலக்கரிச் சாம்பலில் இருக்கும் செலினியம் என்ற தனிமமும் வந்தது. ஏரி நீரில் அதன் அளவு லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம்தான். நீரை மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு அது பெரிய அளவாகவே தோன்றாது. ஆனால் மிதவை உயிரிகள், பூச்சிகள், மீன்கள் என்று உணவு வழியாக ஏற ஏற அது பல மடங்கு செறிந்தது. தாய் மீனிடமிருந்து முட்டைக் கருவுக்குப் போனது. முட்டை பொரிந்தது, ஆனால் குஞ்சுகள் முதுகெலும்பு வளைந்தும் கண் பிதுங்கியும் பிறந்து செத்தன.

கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் நன்றாகவே தெரிந்தன. வலையில் பெரிய மீன் விழுந்துகொண்டிருந்தது. அவற்றுக்குப் பின் வர வேண்டிய தலைமுறைதான் இல்லை. முடிவில் அங்கிருந்த 20 மீன் இனங்களில் 19 அழிந்தன. 1985இல் சாம்பலை உலர்ந்த முறையில் அகற்றத் தொடங்கிய பிறகே செலினியம் வருவது நின்றது. அதற்கப்புறமும் பல ஆண்டுகள் உருக்குலைந்த குஞ்சுகள் கிடைத்துக்கொண்டிருந்தன.

அதனால் என் முதல் யோசனை: எத்தனை மீன் என்று எண்ணும்போதே ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். நீள வாரியாக வரைபடம் போட்டால் சிறிய மீன்களின் பக்கம் காலியாக இருக்கிறதா என்று உடனே தெரியும். அளவுகோல் பதித்த ஒரு பலகை போதும்.

சுழல்விசிறி

நான் ஆலையை இயக்கும் பக்கத்தில் இருப்பவன். இதை எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் குளத்தில் மீன் துள்ளுகிறது, நாரைகள் வந்து நிற்கின்றன, வேலிக்குள் மான் மேய்கிறது. வெளியே இருக்கும் காட்டைவிட உள்ளேதான் உயிர்கள் அதிகம். நச்சு இருந்தால் இவ்வளவும் எப்படி வாழும்? பறவை வருவதே நல்ல அறிகுறி என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள், அந்தப் பெருமையால்தான் குளத்தை அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றிலும் சந்தேகம் கிளப்பினால் அந்த அக்கறையும் போய்விடும்.

கெண்டைவிழி

சுழல்விசிறி சார், உங்கள் ஆட்களின் அக்கறை பெரிய சொத்து. அதை நான் மதிக்கிறேன். ஆனால் உயிர்கள் அதிகமாக இருப்பதற்கு முதல் காரணம் வேலியாக இருக்கலாம். உள்ளே வேட்டை இல்லை, தூண்டில் இல்லை, மாடு மேய்வதில்லை, நாய் துரத்துவதில்லை. மனிதன் வராத இடத்தில் விலங்குகள் பெருகும். அது நீரின் தூய்மைக்குச் சான்று ஆகாது.

அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் ஹான்ஃபோர்டு வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்க 1943இல் உருவாக்கிய இடம். இன்றும் அங்கே நிலத்தடி நீரைச் சுத்தப்படுத்தும் வேலை ஓயவில்லை. அதே வளாகத்தை ஒட்டி ஓடும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஆற்றுப் பகுதிதான் கடலில் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும் சினூக் சால்மன் மீன்கள் இலையுதிர் காலத்தில் வந்து முட்டையிடும் முக்கியமான இடங்களில் ஒன்று. மீன்கள் கூழாங்கல்லில் பறிக்கும் முட்டைக் குழிகளை 1948 முதல் விமானத்தில் பறந்து எண்ணி வருகிறார்கள். குழிகள் நிறைய இருந்த ஆண்டுகளில் "அணு உலை மீனுக்கு நல்லது" என்று யாராவது சொல்ல முடியுமா? மேலும் கீழும் அணை கட்டிய பிறகு, ஆறு தடையில்லாமல் ஓடும் துண்டாக அது மட்டும் மிஞ்சியது. அதனால் மீன்கள் அங்கே வந்தன. எண்ணிக்கை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அணை, கடல் நிலைமை, மீன்பிடிப்பு என்று வளாகத்துக்கு வெளியே பல காரணங்கள் உண்டு.

இன்னொன்றும் உண்டு. நல்ல இடம் போலத் தோன்றி விலங்குகளை ஈர்த்து, அங்கே அவற்றின் இனப்பெருக்கம் தோற்றுப்போகும் இடங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து புதிதாக வந்துகொண்டே இருப்பதால் எண்ணிக்கை குறையாது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். கூடு கட்டிய பறவைகளில் எத்தனை குஞ்சு பறந்து போனது என்று பார்த்தால்தான் இது பிடிபடும்.

சுழல்விசிறி

சரி, வேலி என்ற கோணத்தை நான் யோசித்ததில்லை. அப்படியானால் எங்கள் குளத்தில் மீன் துள்ளுவதை எப்படித்தான் புரிந்துகொள்வது?

கெண்டைவிழி

குளிர்விப்பு நீர் வெளியேறும் வாய்க்கு அருகிலா துள்ளுகிறது? அப்படியென்றால் பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீரைத் தேடி மீன்கள் அங்கே குவியும். வெயில் காலத்தில் அதே இடத்தை விட்டு விலகிப் போகும். ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் குளிர்ந்த மாதத்தில், அந்த வாயில் வலை போட்டால் மீன் வளம் கொழிப்பதாக அறிக்கை வரும். குவிந்த மீன்களுக்கு ஆபத்தும் அங்கேதான். குளிர்ந்த பருவத்தில் ஆலையைத் திடீரென்று நிறுத்தினால் நீர் சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். வெப்பத்துக்குப் பழகிய மீன்கள் அந்த அதிர்ச்சியில் சாகும். பராமரிப்புக்காக நிறுத்தும் தேதிகளைக் கண்காணிப்புக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லும் வழக்கம் உங்களிடம் உண்டா? சுழல்விசிறி சார், இந்த ஓர் ஏற்பாட்டை உங்கள் பக்கத்திலிருந்து செய்தாலே பெரிய உதவி.

அடுத்து, நீரை உறிஞ்சும் வாய். சல்லடையில் மோதிச் சிக்கும் மீன்களைப் பலரும் எண்ணுகிறார்கள். சல்லடைக் கண்ணுக்குள் புகுந்து பம்புக்குள் போகும் முட்டையையும் நுண்குஞ்சுகளையும் எண்ணுவதில்லை. அவற்றுக்கு நுண்ணிய வலைக் கூம்பு வைத்து மாதிரி எடுக்க வேண்டும். குஞ்சுகள் இரவில் அதிகமாக மிதந்து வரும் இனங்கள் பல உண்டு. பகலில் மட்டும் மாதிரி எடுத்தால் பாதிக் கதை போய்விடும். 2014இல் அமெரிக்கா கொண்டுவந்த விதியில், சல்லடை வழியாக நீர் புகும் வேகம் நொடிக்கு அரை அடியைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது மீன் சிக்குவதைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாக ஏற்கப்பட்டிருக்கிறது. நீந்தித் தப்ப மீனுக்கு வாய்ப்பு வேண்டும் என்பதுதான் அதன் கருத்து.

எண்ணும்மயில்

புள்ளியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலையில் விழுந்தது 40 என்றால் குளத்தில் 40 என்று அர்த்தமில்லை. இருப்பதில் எத்தனை பங்கு நம் கையில் அகப்படுகிறது என்பது தெரியாமல் எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கப் பழைய வழிகளே இன்னும் நன்றாக உதவுகின்றன.

குளம் போன்ற மூடிய இடமென்றால் குறியிட்டு மறுபடி பிடிப்பது. 60 மீனைப் பிடித்துத் துடுப்பில் சிறு குறியிட்டு விடுகிறீர்கள். சில நாள் கழித்து 50 பிடிக்கிறீர்கள், அதில் 12 குறியிட்டவை. 60ஐ 50ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 250. மாதிரி சிறியதாக இருந்தால் இந்தக் கணக்கு சற்று மிகையாகச் சொல்லும். 1951இல் சாப்மன் கொடுத்த திருத்தத்தைப் போட்டால் 238 வரும். இடையில் மீன் வெளியே போகக் கூடாது, புதிதாக உள்ளே வரக் கூடாது, குறி உதிரக் கூடாது, ஒரு முறை பிடிபட்ட மீன் வலைக்குப் பயந்து ஒதுங்கக் கூடாது. இதில் ஏதாவது ஒன்று பிசகினாலும் விடை பிசகும்.

ஓடைக்கு வேறு முறை. ஒரு துண்டின் இரு முனையிலும் வலை கட்டி அடைத்துவிட்டு, மின்சாரக் கருவியால் மீன்களை மயக்கி எடுக்க வேண்டும். பிடித்ததைத் திரும்ப விடாமல் தொட்டியில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை அதே துண்டில் எடுக்க வேண்டும். முதலில் 40, அப்புறம் 20, அப்புறம் 10 என்று வந்தால் ஒவ்வொரு முறையும் இருப்பதில் பாதி அகப்படுகிறது என்று புரியும். ஆக மொத்தம் சுமார் 80 இருந்திருக்கும், 70தான் கையில் வந்தது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஓடையில் விட்டுவிடலாம். பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் அந்தக் கருவியைத் தொடவே கூடாது. மனித உயிருக்கே ஆபத்து.

இரண்டும் முடியாதென்றால், குறைந்தபட்சம் முயற்சியைப் பதிவு செய்யுங்கள்: எத்தனை மீட்டர் வலை, கண் அளவு என்ன, எத்தனை மணி நேரம் நீரில் கிடந்தது. இது இல்லாத எண்ணை அடுத்த ஆண்டோடு ஒப்பிடவே முடியாது. ஓடைக்கரையிடம் இருக்கும் பழைய பட்டியலின் குறையும் இதுதான்.

விலங்குகள் விஷயத்திலும் இதே சிக்கல்தான். ஓர் உயிரினம் அங்கே இருந்தும் ஒரு முறை போனால் 30 விழுக்காடு வாய்ப்பில்தான் கண்ணில் படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை போயும் அதைத் தவறவிட 34 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. எட்டு முறை போனால் அது 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். "காணப்படவில்லை" என்று எழுதும் இடத்தில் எத்தனை முறை பார்த்தோம் என்பதையும் எழுதினால்தான் அது நேர்மையான வரி.

ஓடைக்கரை

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் ஆலை பல காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. "ஆலைக்கு முன்" என்ற தரவே கிடையாது. எதோடு ஒப்பிடுவது?

எண்ணும்மயில்

முன்னும் பின்னும், பாதித்த இடமும் பாதிக்காத இடமும் என்று நான்கும் சேர்ந்திருப்பதுதான் உத்தமம். உங்களுக்கு முதல் பாதி போய்விட்டது. ஆகவே ஒப்பீட்டு இடங்களைத்தான் பலப்படுத்த வேண்டும். ஓடை வளாகத்துக்குள் நுழைவதற்கு முன் ஒரு துண்டு, பக்கத்து வடிநிலத்தில் அதே அகலமும் அதே அடித்தரையும் கொண்ட வேறு ஓடைகளில் இரண்டு துண்டுகள். ஒன்றே ஒன்று வேண்டாம். அந்த ஓர் இடத்தில் என்ன நடந்தாலும் ஆலையின் தலையில் விழும், அல்லது ஆலையைத் தப்பவைக்கும். இனி புதிதாக ஏதாவது கட்டப்போகிறீர்கள் என்றால் அதற்கு "முன்" இப்போது இருக்கிறது. இன்றே தொடங்குங்கள்.

கால அளவு பற்றியும் ஒரு வார்த்தை. தென் கரோலினாவில் சவானா ஆற்று அணு வளாகத்துக்குள் ரெயின்போ பே என்ற சிறிய பருவகாலக் குட்டை இருக்கிறது. 1978 முதல் அதைச் சுற்றிலும் தாழ்ந்த வேலி போட்டு, வேலியோரம் புதைத்த வாளிகளில் விழும் தவளைகளையும் சாலமாண்டர்களையும் (பல்லி போன்ற உடலுள்ள, தவளைக்கு உறவான உயிரினம்) எண்ணினார்கள். சில ஆண்டுகளில் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் வெளியேறின, சில ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. குட்டையில் நீர் எத்தனை நாள் நின்றது என்பதே பெரும்பாலும் அதை முடிவு செய்தது. 1991இல் அந்த 12 ஆண்டுத் தரவை வெளியிட்டபோது, இயற்கையான ஏற்ற இறக்கத்திலிருந்து மனிதத் தாக்கத்தைப் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு ஆண்டு பார்த்துவிட்டுக் குறைந்தது என்றோ கூடியது என்றோ யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நீர்க்காகம்

எண்ணும்மயில் சொல்வது சரி. ஆனால் 12 ஆண்டு காத்திருந்தால் பெல்யூஸ் ஏரியின் கதைதான். அதனால்தான் மீனின் உடலைப் பார்க்கச் சொல்கிறேன். தொகை குறைவதற்கு நெடுநாள் முன்பே உடல் காட்டிக்கொடுக்கும்.

கனடா 1992இல் காகிதக்கூழ் ஆலைகளுக்கும் 2002இல் உலோகச் சுரங்கங்களுக்கும் இதைச் சட்டமாகவே வைத்தது. கழிவுநீர் விழும் இடத்திலும் ஒப்பீட்டு இடத்திலும் ஒரே இன மீன்களைப் பிடித்து வயது, வளர்ச்சி, உடல் எடைக்கு ஏற்ற கல்லீரல் எடை, சினைப்பை அல்லது விந்துப்பை எடை, நீளத்துக்கு ஏற்ற உடல் எடை எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். ஈரல், சினை இரண்டிலும் 25 விழுக்காடு, உடல் எடையில் 10 விழுக்காடு வேறுபாடு வந்தால் அது கவனிக்க வேண்டிய எல்லை. பல காகிதக்கூழ் ஆலைகளின் கீழே கண்டது விசித்திரமான சேர்க்கை: மீன் கொழுத்திருந்தது, ஈரல் பெருத்திருந்தது, சினை சிறுத்திருந்தது. தீனி அதிகம், இனப்பெருக்கம் குறைவு. தலையை மட்டும் எண்ணியிருந்தால் "ஆரோக்கியமான கொழுத்த மீன்" என்று எழுதியிருப்பார்கள்.

இதற்கு மீனைக் கொல்ல வேண்டும் என்பது உண்மை. அதனால் அரிய இனங்களைத் தொடாமல், அதிகம் இருக்கும், அதிகம் இடம் மாறாத சிறிய இனம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆண் 20, பெண் 20 என்ற அளவு பொதுவாகச் சொல்லப்படுவது. உரிய அனுமதி வாங்காமல் ஒரு மீனையும் எடுக்காதீர்கள்.

ஆற்றோரம்

நான் விஞ்ஞானி இல்லை. ஓர் ஆலைக்குக் கீழே ஆற்றில் வலை போடும் குடும்பம் எங்களுடையது. ஆலைப் பெயர் வேண்டாம். நீங்கள் எல்லோரும் மீனை எண்ணுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு வேண்டியது ஒரே பதில்: அதைப் பிடித்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

அப்புறம், மீன் செத்து மிதந்தால் முதலில் பார்ப்பது நாங்கள்தான். கண்காணிப்பவர்கள் வருவதற்குள் பாதி அடித்துக்கொண்டு போய்விடும், மீதியைப் பறவை தின்றுவிடும். எங்களிடம் யாரும் கேட்பதில்லை.

நீர்க்காகம்

ஐயா, இந்த இழையில் வந்ததிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. எத்தனை மீன் இருக்கிறது என்பதற்கும் அதைத் தின்னலாமா என்பதற்கும் தொடர்பே இல்லை. தசையை எடுத்து ஆய்வகத்தில் பாதரசம், மற்ற உலோகங்கள், ஆலை பயன்படுத்தும் பொருட்கள் ஆகியவற்றுக்குச் சோதிக்க வேண்டும். நீங்கள் தின்னும் இனத்தை, நீங்கள் தின்னும் அளவில், நீங்கள் சமைக்கும் விதமாக எடுத்துச் சோதிக்க வேண்டும். முழுதாகத் தின்னும் சிறு மீனைத் தசை மட்டும் எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. பாதரசம் பெரிய, வயதான, மற்ற மீனைத் தின்னும் இனங்களில்தான் அதிகம் சேரும். சமைத்தாலும் போகாது.

ஜப்பானின் மினமாட்டாவில் மனிதர்களுக்கு வந்த நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதற்கு முன்பே மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று செத்துக்கொண்டிருந்தன. கரையில் இருந்த மீனவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள். ஆலைக் கழிவில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். கரையில் இருப்பவர் சொல்வதைக் குறித்து வைக்கும் ஏற்பாடு எந்தத் திட்டத்திலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரவாடி

செத்ததை எண்ணுவது பற்றி ஆற்றோரம் சொன்னது பறவைகளுக்கும் அப்படியே பொருந்தும். 2008இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் சின்க்ரூட் நிறுவனத்தின் எண்ணெய் மணல் கழிவுக் குளத்தில் வாத்துக் கூட்டம் ஒன்று இறங்கியது. முதலில் சொன்ன கணக்கு 500. பின்னர் வெளிவந்தது 1,606. எண்ணெய்ப் பிசின் ஒட்டிய பறவை மூழ்கிவிடும், கரையில் நின்று எண்ணுபவருக்குத் தெரியாது. 2010இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் குற்றவாளி என்றது, 30 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

உங்கள் குட்டைகளுக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். இறந்த சில கோழிக்குஞ்சுகளை யாருக்கும் சொல்லாமல் வளாகத்தில் ஆங்காங்கே வையுங்கள். தேடும் குழு எத்தனையைக் கண்டுபிடிக்கிறது? நரியும் காக்கையும் எத்தனை நாளில் தூக்கிப்போகின்றன? இந்த இரண்டும் தெரிந்தால்தான் "இந்த மாதம் இரண்டு பறவை இறந்தது" என்ற வரியிலிருந்து உண்மையான எண்ணிக்கையை மதிப்பிட முடியும். காற்றாலைகளில் இது வழக்கமான நடைமுறை.

தானியங்கி கேமராக்களை விலங்கு வரும் பாதையில் மட்டும் வைக்காமல் கட்டம் போட்டு ஒரே சீராக வையுங்கள். படங்களின் எண்ணிக்கை விலங்குகளின் எண்ணிக்கை ஆகாது. ஒரே நரி ஓர் இரவில் பலமுறை வரும். உடலில் புள்ளியோ வரியோ உள்ள இனங்களில் மட்டும் ஒவ்வொன்றையும் பிரித்து அடையாளம் காணலாம். நீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவைச் சோதிக்கும் முறையையும் இப்போது பலர் பரிந்துரைக்கிறார்கள். எந்த இனம் இருக்கிறது என்று பார்க்க அது அருமையானது. ஆனால் ஓடையில் மேலேயிருந்தும் அடித்து வரும் என்பதால் "இங்கே" என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஓடைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இப்போது மனதில் இருக்கும் வரைவு இது. ஓடையில் மேலே ஒன்று, கீழே இரண்டு, பக்கத்து ஓடைகளில் இரண்டு துண்டுகள், ஆண்டுதோறும் ஒரே பருவங்களில். பிடிக்கும் எல்லா மீனுக்கும் நீளமும் எடையும். ஒரு சிறு இனத்தில் ஈரல், சினை. கீழே ஆற்றில் பிடித்துத் தின்னும் இனங்களில் தசைச் சோதனை, அதன் முடிவு அங்கே இருப்பவர்களுக்கு எங்கள் மேலிடத்துக்குப் போகும் அதே நாளில். கூடு கட்டும் பறவைகளில் குஞ்சுக் கணக்கு. கேமராக் கட்டம். குட்டைகளில் இறந்த பறவைத் தேடல், இரவாடி சொன்ன சோதனையோடு. ஆலை நிறுத்தும் தேதிப் பட்டியலைக் கேட்டு எழுதிவிட்டேன்.

மேலிடம் கேட்ட அந்த ஒரு எண்ணை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

எண்ணும்மயில்

ஒரு எண்ணாகக் கொடுக்காமல் ஒரு வரம்பாகக் கொடுங்கள்: "150க்கும் 350க்கும் இடையில்" என்பது போல. அதைவிட முக்கியமானது, எந்த அளவு வந்தால் என்ன செய்வோம் என்பதை முதல் வலை நீரில் இறங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். இளமீன் பங்கு இவ்வளவுக்குக் கீழே போனால் வெளியேற்றத்தை மறுபரிசோதனை செய்வது, ஈரலில் 25 விழுக்காடு வேறுபாடு வந்தால் காரணம் தேடும் ஆய்வைத் தொடங்குவது என்று. தரவு வந்த பிறகு பேசினால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும்.

சுழல்விசிறி

அந்தக் கையெழுத்தில் உற்பத்திப் பிரிவையும் சேருங்கள். வால்வு எங்கள் கையில்தான் இருக்கிறது. அப்புறம், ஆற்றோரம் ஐயா, உங்களைப் போன்றவர்கள் செத்த மீனைப் பார்த்தவுடன் கூப்பிட எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு தொலைபேசி எண் வைக்க முடியுமா என்று நாளைக் காலைக் கூட்டத்தில் கேட்கிறேன். இரவு ஷிப்டிலும் யாராவது எடுக்க வேண்டும்.

ஆற்றோரம்

இரவில்தான் அதிகம் தேவைப்படும். நாங்கள் வலை எடுப்பதே விடியலுக்கு முன்னால்.